மொரிஸ் மைனரை மலையேற்றியது யார்?

பழைய கார் பற்றிப் பதுளையில் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான் கிடைக்கும்: இங்கிலீஷ்காரன் செய்தது இரும்பு, ஜப்பான்காரன் செய்தது தகரம். மொரிஸ் மைனர் அறுபது, எழுபது வருடம் தாண்டியும் ஓடுகிறது, ஆகவே அது தரம். எண்பதுகளில் வந்த டொயோட்டா கொரோலா மலிவுச் சாமான், ஓடும்வரை ஓட்டிவிட்டு எடைக்குப் போட வேண்டியது. இந்த எண்ணம் கராஜிலும் உண்டு, கல்யாண வீட்டிலும் உண்டு, பத்திரிகைகளின் வாகனப் பக்கத்திலும் உண்டு. மைனருக்கு மாலை போட்டு மாப்பிள்ளையை ஏற்றுகிறார்கள், கொரோலா டி.எக்ஸ். வேகன் வெலிமடை உருளைக்கிழங்கு மூட்டை சுமக்கிறது. கதை காரோடு முடிந்துவிடுவதும் இல்லை. துரைமார் இருந்த காலத்தில் எல்லாம் உறுதி, அவர்கள் போன பின் எல்லாம் மட்டம் என்ற இன்னொரு தீர்ப்பும் இதன் முதுகில் ஏறி வருகிறது. இரண்டையும் மறுக்கவே இக்கட்டுரை. மைனர் நீடித்தது உண்மை. ஆனால் நீடித்த காரணம் அதன் இரும்பில் இருந்தது என்பது பிழை. அந்தக் காரை இத்தனை காலம் மலையேற்றியவை மூன்று: நாட்டின் மூடிய இறக்குமதிக் கதவு, ஊவாவின் காலநிலை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கராஜ்காரரின் கை. அந்தக் கைக்குச் சேர வேண்டிய புகழை நாம் தகட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

முதலில் மைனருக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். 1948 ஒக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அது அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்பாடு மினியைத் தந்தவரும் அவரே. தொடக்கத்தில் அதில் இருந்தது 918 சி.சி. பக்கவால்வு என்ஜின். 1952இல் அதற்குப் பதிலாக 803 சி.சி. ஏ வரிசை என்ஜின் வந்தது. அதன் வலு 30 குதிரை. 1956இல் 948 சி.சி.யும் 37 குதிரைவலுவும், 1962இல் 1098 சி.சி.யும் 48 குதிரைவலுவுமாக அது வளர்ந்தது. 1971இல் உற்பத்தி ஓயும்போது 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட மைனர்கள் வெளிவந்திருந்தன. பத்து இலட்சத்தை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் அதுதான். ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங், முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக்கம்பி சஸ்பென்ஷன், என்ஜினை முன்னால் தள்ளி வைத்த எடைப் பங்கீடு ஆகியவற்றால் அக்காலத்துச் சிறிய கார்களில் அது முன்னோடியாக நின்றது. ஹாலி-எலயிலிருந்து தெமோதரைப் பக்கம் அடுத்தடுத்து வரும் முடக்குகளில் திருப்பிய அளவுக்குத் திரும்பும் அந்த ஸ்டியரிங்கை இன்றைக்கு ஓட்டுபவரும் மெச்சத்தான் செய்வார். மைனர் கெட்ட கார் என்று எவராவது சொன்னால் அவரோடும் வாதிட வேண்டியதுதான்.

மறுபக்கத்தில் கொரோலா. 1966இல் ஜப்பானில் 1077 சி.சி. கே வரிசை என்ஜினோடு பிறந்த கார் அது. இலங்கையில் பெரிதும் பழகிய வகை 1979இல் வந்த நான்காம் தலைமுறை, கே.ஈ.70 என்றால் மெக்கானிக் மட்டுமல்ல, ஸ்பெயார் பார்ட்ஸ் கடைப் பையனும் அறிவான். அதில் பரவலாக இருந்தது 1290 சி.சி. 4கே என்ஜின். இரும்பு புளொக், அலுமினியத் தலை, ஏறத்தாழ 60 குதிரைவலு. மைனரின் ஏ வரிசை என்ஜினில் கிராங்க் தண்டு மூன்று பெயாரிங்கில் சுழல்கிறது; கே என்ஜினில் ஐந்தில் சுழல்கிறது. சுமையோடு நெடுநேரம் ஏற்றத்தில் இழுக்கும் என்ஜினுக்கு இது சின்ன வித்தியாசம் அல்ல. தாங்கும் இடங்கள் கூடினால் தண்டு வளைந்து அதிர்வது குறையும்; பெயாரிங்கும் அதிக நாள் உழைக்கும். பின்சக்கரம் இழுக்கும் கொரோலாக் குடும்பத்தில் முழு வரிசையாக வந்த கடைசித் தலைமுறையும் இதுவே. அதன் வேகன், வேன் வகைகள் 1987 வரை செய்யப்பட்டன. 1977இன் இறுதியில் ஜே.ஆர். ஜயவர்தன அரசு இறக்குமதியைத் தாராளமாக்கிய பிறகு இவை புதிதாகவும் ரீகண்டிஷனாகவும் நாட்டுக்குள் வந்தன. அன்றிலிருந்து நாற்பது வருடத்துக்கு மேலாயிற்று. பழைமை என்பது வயதுக் கணக்கானால் கே.ஈ.70 எப்போதோ அந்த வரிசைக்குள் வந்துவிட்டது.

இனி இரும்பு வாதத்துக்கு வருவோம். மைனரின் தகடு கொரோலாவின் தகட்டைவிடக் கனமானது என்பது சரி. அதனால்தான் அது நிலைத்தது என்பது சரியில்லை. மைனருக்கு லொறிபோலத் தனிச் செஸி கிடையாது; உடலே செஸியாக அமைந்த கட்டு. ஆகவே உடலின் அடிப்பாகம் துருப்பிடித்தால் காரின் எலும்பே இற்றுப்போகிறது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி, பின்ஸ்பிரிங் தொங்கும் இடம், நடுவே போகும் குறுக்குச்சட்டம், முன்பக்கச் செஸி கால்கள் ஆகியவையே அதன் நோய்த்தானங்கள். கனமான தகடென்றாலும் ஈரமும் சேறும் உள்ளே தங்கினால் அரித்தே தீரும். இந்தக் கார் பிறந்த நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. பனிக்காலத்தில் பிரிட்டனின் வீதிகளுக்கு உப்பு தூவுகிறார்கள். 1960இல் அங்கே பழைய வாகனங்களுக்குக் கட்டாயப் பரிசோதனையும் தொடங்கியது. அடிப்பாகம் அரித்த மைனர்கள் ஆயிரக்கணக்கில் பழைய இரும்புக்குப் போயின. செய்த கம்பனி அங்கே, பாகம் அங்கே, காசும் அங்கே. இருந்தும் பெரும்பகுதி மிஞ்சவில்லை. ஒரே இரும்பு பிறந்த இடமான கௌலியில் செத்து, பண்டாரவளையில் பிழைத்ததென்றால், பிழைத்ததற்குக் காரணம் இரும்பாக இருக்க முடியாது. ஊவா மலையில் வீதிக்கு உப்பு போடுவாரில்லை. காலியிலும் நீர்கொழும்பிலும் தகட்டைத் தின்னும் கடற்காற்றும் இங்கே எட்டுவதில்லை. ஆடி, ஆவணியில் அடிக்கும் காய்ந்த காற்று, தேயிலைக்கு ஊவா மணத்தைக் கொடுப்பதுபோலவே, நனைந்த தகட்டையும் உலர்த்திவிடுகிறது. அப்புத்தளை மூடுபனி துருவுக்கு வேண்டியவன்தான்; ஆயினும் உப்பைப்போல் கொடியவன் அல்ல.

அதைவிடப் பெரிய காரணம் மூடிய கதவு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி இறுகியதும் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 வரை புதிய கார் என்பது பெரும்பாலானவர்களுக்கு நினைத்துப் பார்க்கவும் முடியாத பொருள். கையில் இருக்கும் மைனரை விட்டால் வேறில்லை என்ற நிலையில் அதை எவர் எடைக்குப் போடுவார்? பாகம் வராதபோது பாகம் செய்யப்பட்டது. தேய்ந்த புஷ்ஷுக்குப் பித்தளையை லேத்தில் கடைந்து பூட்டினார்கள். வேறு வாகனத்தின் பிரேக் ரப்பரை அளவு பார்த்துப் போட்டார்கள். அரித்த தரையை வெட்டி எறிந்துவிட்டுத் தகட்டைக் கையால் தட்டிப் புதுத் தரை ஒட்டினார்கள். இந்தக் கைத்திறனின் தரத்தை ஊர்ப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்கு அப்பால் வெளியார் சாட்சியும் இருக்கிறது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், 1990களின் தொடக்கத்தில் மைனருக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையில் செய்வித்து பிரிட்டனுக்குக் கொண்டுபோகும் தொழிலைத் தொடங்கினார். டியூரபிள் கார் கம்பனி என்பது அதன் பெயர். இங்கிலாந்துக் காரைக் காப்பாற்ற இங்கிலாந்துக்கே நம் நாட்டுக் கை வேண்டியிருந்தது. இதைவிடத் தெளிவாக என்ன சான்று வேண்டும்?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இன்று ஊர்வலத்தில் வரும் மைனரின் பொனற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே எப்போதும் மொரிஸ் என்ஜின் இருப்பதில்லை. டட்சன் என்ஜின், டொயோட்டா என்ஜின், ஜப்பான் கியர் பெட்டி மாற்றிப் பூட்டிய மைனர்கள் நாடெங்கும் உண்டு; விற்பனை விளம்பரங்களில் அதைக் குறையாக அன்றி நிறையாகவே எழுதுகிறார்கள். ஜப்பான் தகரம் என்று இகழும் வாய், ஜப்பான் என்ஜின் இழுக்கும் மைனரைப் பார்த்து அந்தக் காலத்து உறுதி என்று புகழ்கிறது. அதோடு, நாம் காண்பது மிஞ்சியவற்றை மட்டுமே. பள்ளத்தில் உருண்டவை, பாகத்துக்காகக் கழற்றப்பட்டவை, கொட்டிலிலேயே இற்றுப்போனவை கண்ணில் படுவதில்லை. மிஞ்சிய ஒன்றைக் காட்டி எல்லாமே உறுதி என்பது, தொண்ணூறு வயதுப் பாட்டி ஒருவரைக் காட்டி அந்தக் காலத்தில் எல்லோரும் தொண்ணூறு வயது வாழ்ந்தார்கள் என்று சொல்வதற்குச் சமம். மிஞ்சியவற்றிலும் பல, டொக்டருடையதோ பெரிய கிளாக்கருடையதோ ஆகக் கூரைக்குக் கீழே நின்று, நாளுக்குச் சில மைல் ஓடியவை. கே.ஈ.70க்கு அந்த வாழ்வு வாய்த்ததே குறைவு. வந்த நாளிலிருந்து ஹயர் ஓடிய கார் அது. உழைத்த மைலைக் கணக்கில் எடுக்காமல் ஆண்டை மட்டும் எண்ணுவது ஒரு காருக்குச் சார்பான கணக்கு.

மலை ஏறும் திறமைக்கு வருவோம். வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும் ரோட்டு, முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் 800 மீட்டருக்கு மேல் உயர்கிறது. அந்த ஏற்றத்தை இசிகோனிஸ் மனதில் வைத்திருக்க நியாயமில்லை. அவர் வரைந்தது இங்கிலாந்தின் சிறு குடும்பத்துக்கான கார். பக்கவால்வு என்ஜின் பூட்டிய முதல் மைனர்களுக்குத் தண்ணீர்ப் பம்பே கிடையாது. சூடான நீர் மேலே எழும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும் என்ற இயற்கை ஓட்டத்தை நம்பிய ரேடியேட்டர் அது. மட்டமான வீதியில் அது போதும். இரண்டாம் கியரில் அரைமணி நேரம் இழுக்கும் ஏற்றத்தில் கொதிக்கும். பின்வந்த என்ஜின்களில் பம்ப் இருந்தது; ஆனால் முதல் கியருக்கு சின்க்ரோ இல்லை. முடக்கின் நடுவில் இரண்டாம் கியர் திணறினால், ஓடும் காரில் முதல் கியரைப் போட இரட்டைக் கிளச் மிதிக்கத் தெரிந்த கால் வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்திப் போட வேண்டும். கொரோலாவில் முன்னோக்கும் கியர் அனைத்துக்கும் சின்க்ரோ உண்டு, 803 சி.சி. மைனரின் வலுவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கும் உண்டு. மைனர் மலையேறியதென்றால் அதற்கு ஓட்டியவரின் காலும் காதும் காரணம். அந்தத் திறமையைப் புகழலாம். அதைக் காரின் கணக்கில் எழுதக்கூடாது. ஜப்பானோ நிலத்தில் மிகப் பெரும்பகுதி மலையான நாடு. ஒடுங்கிய, செங்குத்தான, மழை நனைக்கும் வீதிகளில் இடப்பக்கமாக ஓடும் நாடு. ஊவாவின் ரோட்டுக்கு ஒத்த ரோட்டில் பிறந்த கார் எதுவென்று கேட்டால் விடை தெளிவு.

ஏற்றத்தைவிட இறக்கமே மலைக்காரின் உண்மையான சோதனை. பெரகலையிலிருந்து கொஸ்லந்தை, தியலும பக்கமாக வெல்லவாய நோக்கி இறங்குபவர் அதை உடம்பால் அறிவார். மைனரின் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். 1098 சி.சி. வரும்வரை முன்டிரம்மின் விட்டம் ஏழு அங்குலம்தான். நெடுநேரம் மிதித்தால் டிரம் சூடேறி விரிகிறது. லைனிங்கின் பிடி தளர்கிறது. பெடல் கீழே கீழே போகிறது. எண்ணெய் ஓடும் பாதை ஒன்றே என்பதால், எந்தச் சக்கரத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரப் பிரேக்கும் போகும். மிச்சம் இருப்பது ஹேண்ட்பிரேக். மாஸ்டர் சிலிண்டர் இருப்பதோ ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே, செஸிச் சட்டத்துக்குள், மழைத்தண்ணீரும் சேறும் தேங்கும் இடத்தில். அதைக் கழற்ற ஆணியை இழுத்தால் சஸ்பென்ஷனின் முறுக்குக்கம்பி குறுக்கே நிற்கும். பிரேக் வேலை பார்க்கப் போனவர் சஸ்பென்ஷனையும் அவிழ்க்க வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியனின் மரைக்குக் கிரீஸ் அடிக்கத் தவறினால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் மடிந்து படுத்துவிடும். மைனர் வைத்திருப்பவர் எல்லோரும் அறிந்த ஆபத்து இது. கே.ஈ.70இன் பெரும்பாலான கார்களில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். காற்றுப் படுவதால் சூடு விரைவில் ஆறும். எண்ணெய்ப் பாதை இரண்டாகப் பிரிந்திருப்பதால் ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். முன்மூட்டுக்களும் மூடி அடைத்த போல்ஜோயின்ட். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மழையில் இறங்கும் ஒருவர் இரண்டில் எதை நம்புவார் என்று கேட்டால், பழைமை விரும்பியும் நேர்மையாக ஒரே விடைதான் சொல்ல முடியும்.

இதற்கு மறுமொழியாக ஒன்று சொல்வார்கள்: மைனரை ரோட்டோரத்தில் ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்குரூட்ரைவரோடு திருத்தலாம், கொரோலா அப்படியா என்று. அப்படித்தான். கே.ஈ.70உம் காபரேட்டர் கார். வால்வைத் தள்ளுவது புஷ்ரொட். பாயின்ட், கண்டென்சர் என்று இக்னிஷனும் பழைய வழிதான். அதன் என்ஜின் அறைக்குள் இறங்கி நின்று வேலை பார்க்குமளவுக்கு இடமும் உண்டு. மைனரில் தொழில் படித்த கை, ஒரு பாடமும் புதிதாகப் படிக்காமல் கே.ஈ.70ஐக் கழற்றிப் பூட்டியது. கணினியும் சென்சரும் என்ஜினை ஆளத் தொடங்கியது அதற்குப் பிறகு. கைக்கு அடங்கும் கார், அடங்காத கார் என்று கோடு கிழிக்க வேண்டுமானால் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் நிறுத்திவிட்டுத்தான் கிழிக்க வேண்டும். மைனருக்கு ஒரு விடயத்தில் முழு நியாயம் உண்டு: அதன் கனத்த தகடு காஸ் வெல்டிங்கின் சூட்டைத் தாங்கும், தட்டி நிமிர்த்த இடம் கொடுக்கும். கொரோலாவின் மெல்லிய தகடு அதே சூட்டில் நெளிந்துவிடும். இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளியாக ஆறவைத்து ஆறவைத்து ஒட்ட வேண்டும். ஆனால் இது திருத்துவதற்கு இலகு என்பதற்கான சான்று. திருத்தாமலே நிலைக்கும் என்பதற்கான சான்று அல்ல. திருத்துபவர் இல்லாத மைனரின் கதி பிரிட்டனில் தெரிந்தது.

அடுத்த ஆட்சேபம் அழகு பற்றியது. மைனருக்கு ஒரு முகம் இருக்கிறது, கொரோலா பெட்டியைக் கவிழ்த்ததுபோல் இருக்கிறது. இலட்சக்கணக்கில் அச்சடித்த காருக்கு ஏது மரபுரிமை என்கிறார்கள். மைனரும் அச்சடித்த கார்தான்; 16 இலட்சம் என்பது கைவினைப் பொருளின் எண்ணிக்கை அல்ல. முகத்தைப் பற்றிச் சொன்னால், அதன் சொந்தக் கம்பனித் தலைவர் நஃபீல்ட் பிரபுவுக்கே அந்த முகம் பிடிக்கவில்லை. வெந்நீரில் உடைத்து ஊற்றி அவித்த முட்டைக்கு ஒப்பிட்டு இகழ்ந்தார் என்பது அக்காரின் வரலாற்றில் எல்லோரும் எழுதும் செய்தி. போருக்கு முந்திய பெரிய கார்களை அளவுகோலாக வைத்திருந்தவர்களுக்கு மைனர் அன்று சில்லறைச் சாமான். இன்று அதே அளவுகோலை மைனர் விரும்பிகள் கொரோலாமீது வைக்கிறார்கள். புதிதாக வந்து பெருவாரியாகப் பரவிய எதையும் முதலில் இகழ்வதும், அது அருகிய பிறகு கொண்டாடுவதும் வழக்கமாகிவிட்டது. அருகிப்போகும்வரை காத்திருந்தால் கொண்டாட ஒன்றும் மிஞ்சாது, கே.ஈ.70இன் சொந்த பம்பரும் டாஷ்போர்ட்டும் கிடைப்பது இப்போதே அருமை.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் ஆட்சேபம் காலத்தைப் பற்றியது: அந்தக் காலம் தரமான காலம், மைனர் அதன் சின்னம். யாருக்குத் தரமான காலம்? மைனர் இலண்டனில் திரை விலகிய அதே 1948இன் நவம்பரில்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, மலையகத் தமிழர் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. ஊவாவின் ரோட்டுகளில் ஏராளமானவை தோட்டத்துக்காகத் தொழிலாளர் கையால் வெட்டப்பட்டவை. அந்த ரோட்டில் துரையும் டொக்டரும் கடை முதலாளியும் காரில் போனார்கள், வெட்டியவர்களின் பிள்ளைகள் கால்நடையாகப் போனார்கள், நோயாளியும் பிள்ளைத்தாய்ச்சியும் கொழுந்து ஏற்றும் லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து ஏறியதை எதிர்த்த போராட்டம் 1958இல் மலையகத்துக்கும் பரவியபோது, பொகவந்தலாவையில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் தோட்டத் தொழிலாளர் உயிரிழந்தனர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் லயத்தையே இரண்டாகக் கிழித்தது. இந்த ஆண்டுகளைத் தரமான காலம் என்று சொல்லும் ஏக்கம் நம்முடையதாக இருக்க முடியாது. யாரோ வைத்துவிட்டுப்போன ஏக்கத்தை நாம் வாங்கிப் பூண்டிருக்கிறோம். கொரோலாக் காலம் பொற்காலம் என்றும் சொல்ல வரவில்லை. 1983இன் இனக்கலவரம் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்த தொழிலாளிக்கு எந்தக் காரும் எட்டாக்கனிதான். ஆனாலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. எண்பதுகளுக்குப் பிறகு பசறை, லுணுகலை, மடுல்சீமை டவுன்களில் ஹயருக்கு நின்ற ஜப்பான் கார்களிலும் வேன்களிலும் தோட்டத்துப் பெண் பிரசவத்துக்குப் போனாள், தோட்டத்துப் பையன் ஸ்டியரிங் பிடித்தான், இன்னொருவன் கராஜில் தொழில் பழகினான். ஒரு வாகனம் ஒரு மக்களின் மரபுரிமையாவது அவர்கள் அதில் ஏறியும் அதில் உழைத்தும்தான். அந்த உரிமை மைனரைவிடக் கொரோலாவுக்கே அதிகம்.

இவ்வளவும் வெறும் விவாதம் என்று தோன்றினால், நாடே நடத்திக்காட்டிய பரீட்சை ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மீண்டும் திறந்தது. 1960களின் நிலை ஐந்து ஆண்டுக்குத் திரும்பி வந்தது. 2022இல் எரிபொருள் வரிசை, கியூ.ஆர். அட்டை, காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்ற பங்கீடு எல்லாம் சேர்ந்துகொண்டன. அந்த ஐந்தாண்டில் தகரம் என்று இகழப்பட்ட கே.ஈ.70க்கு என்ன நடந்தது? மைனருக்கு நடந்ததேதான். எடைக்குப் போகவிருந்த கார்கள் டிங்கர் பாஸிடம் போயின, அரித்த தரை வெட்டி ஒட்டப்பட்டது, விலை ஏறியது, வீட்டுக் கொட்டிலில் கிடந்தது ரோட்டுக்கு வந்தது. கதவு மூடினால், கை இருந்தால், ஜப்பான் தகரமும் இங்கிலீஷ் இரும்பைப்போலவே நீடிக்கும் என்று நம் கண்ணெதிரே நிறுவப்பட்டுவிட்டது. இரண்டு காலம், இரண்டு நாட்டுக் கார், இரண்டு வகைத் தகடு. இரண்டிலும் மாறாமல் இருந்தவை மூடிய கதவும் திருத்தும் கையும். இனியும் தகட்டைக் காரணம் காட்டுவதற்கு நியாயம் இல்லை.

இந்த மறுப்பில் தங்கியிருப்பது காருக்கான மதிப்பு மட்டும் அல்ல. இரும்புதான் காரணம் என்று நம்பும் ஊர், கையைக் காப்பாற்ற ஒன்றும் செய்யாது. காஸ் வெல்டிங்கில் மெல்லிய தகட்டை நெளியாமல் ஒட்டவும், காதால் கேட்டு வால்வு இடைவெளி வைக்கவும், லேத்தில் புஷ் கடையவும் அறிந்தவர்களுக்கு வயதாகிறது. அவர்களிடம் பழக வரும் இளையவர் குறைகிறார்கள்; கராஜ் வேலையைப் படிப்பு ஏறாதவன் வேலையாகப் பார்க்கும் பெற்றோரும் நாமே. அனுபவத்தால் பெற்ற தொழிலறிவுக்கு என்.வி.கியூ. சான்றிதழ் பெற நாட்டில் வழி இருக்கிறது. அந்த வழி பதுளை, பண்டாரவளைக் கராஜ்களுக்குள் தமிழில் வந்து சேர வேண்டும். பழைய கார்க் கண்காட்சி நடத்துவோர் கே.ஈ.70ஐயும் டட்சன் சன்னியையும் வரிசையில் சேர்க்க வேண்டும். அங்கே ஒவ்வொரு காரின் முன்னாலும் வைக்கும் அட்டையில் செய்த ஆண்டும் என்ஜின் அளவும் உடைமையாளர் பெயரும் இருப்பது வழக்கம். அவற்றோடு அந்தக் காரைத் திருத்திவந்த மெக்கானிக், டிங்கர், லேத்காரர் ஆகியோரின் பெயரையும் எழுதுங்கள். மைனர் அறுபது ஆண்டு ஓடியதற்கும் கொரோலா நாற்பது ஆண்டு ஓடியதற்கும் விளக்கம் வேறெங்கும் இல்லை, அந்தப் பெயர்களில்தான் இருக்கிறது.